மூன்றாம் அடியின் மூன்றாம் சீர்

நான் வேலை பார்க்கும் நூற்பாலையில் பரிசோதனைக்கூடத்துக்குள் கைபேசி கொண்டுபோக அனுமதி இல்லை. வாசலில் ஒரு மர அடுக்கு இருக்கிறது. அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதனால் காலையில் வரும் செய்திகளை நான் மதியச் சாப்பாட்டின்போதுதான் பார்ப்பேன். அந்தச் செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான் நடந்தது. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துவிட்டு, கைபேசியைப் பார்த்தேன். நான்கு அடிகள் வந்திருந்தன.

பாலை மணலில் பருத்தி விளையுமோ
வேலை கிடைத்தும் வெறுமைதான் - கோலமயில்
நல்ல விதையெடுத்து மழைவரும் நம்நிலத்தில்
எல்லாம் முளைக்கும் இனி

அனுப்பியவர் என் கணவர். வளைகுடாவில் மின்பணியாளர். கட்டி முடியாத கட்டடங்களின் சுவருக்குள் கம்பி இழுப்பது அவர் வேலை. நான் பாளையம்பட்டியில் அவருடைய அத்தா, அம்மாவோடு இருக்கிறேன். எனக்கு அவர்கள் மாமாவும் மாமியும். எங்களுக்கு எம்.ரெட்டியபட்டிப் பக்கம் கொஞ்சம் புஞ்சை உண்டு. ஐப்பசி மழைக்குப் பருத்தி ஊன்றும் கரிசல். அவர் போன பிறகு இரண்டு ஐப்பசி வந்து போய்விட்டது. மூன்றாவது வருவதற்குச் சில வாரங்களே இருந்தபோது இந்த வெண்பா வந்தது.

அவருடைய ஒப்பந்தப்படி லீவு கிடைக்க வேண்டிய சமயம் அது. வருகிறாரா இல்லையா என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. நான் கேட்கவும் கூடாது. மதுரை விமான நிலையத்தில், பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகும் முன், அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "என்ன வேணாலும் கேளு. எப்ப வருவீகன்னு மட்டும் கேக்காத. கேட்டா எனக்கு அங்க வேலை ஓடாது." சரி என்று தலையாட்டினேன். ஒப்புக்கொண்டதை மீறுவது எனக்குப் பழக்கம் இல்லை. ஆகவே பருத்தியைப் பற்றி, மாமாவின் முழங்காலைப் பற்றி, வெண்பாவைப் பற்றியெல்லாம் பேசுவோம். அதைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

வெண்பா எங்களுக்குள் வந்ததே ஒரு தப்பால்தான்.

எங்கள் நிக்காஹ் அருப்புக்கோட்டையில் ஒரு மண்டபத்தில் நடந்தது. மாப்பிள்ளையின் கூட்டாளிகள் வாழ்த்துப்பா அச்சடித்து, கண்ணாடி போட்டுக் கொண்டுவந்து கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வழவழப்பான தாளில் ரோஜாப்பூ ஓரம் போட்டு, அடியில் கூட்டாளிகள் பேரெல்லாம் வரிசையாக இருக்கும். ஒருத்தர் மைக்கில் வாசிப்பார். யாரும் கேட்கமாட்டார்கள், பிரியாணி வாசம் வந்துவிட்டிருக்கும். மணப்பெண் அறையில் உட்கார்ந்திருந்த எனக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. என் மடியில் ஒரு பிரதி கிடந்தது. பள்ளியில் தமிழ்த் தேர்வில் நான் நம்பியிருந்த ஒரே கேள்வி, குறளை அலகிட்டு வாய்பாடு எழுதுவது. கருத்து வேறுபாட்டுக்கு இடமே இல்லாத கேள்வி. சரியாகப் பிரித்தால் முழு மதிப்பெண். அந்தப் பழக்கத்தில் அந்த வாழ்த்துப்பாவையும் விரலில் எண்ணிப் பார்த்தேன். வெண்பா என்றால் கடைசி அடியில் மூன்று சீர் இருக்க வேண்டும். நான்கு இருந்தது.

மறுநாள் எங்கள் வீட்டு விருந்தில் அவரோடு பேச எனக்கு வேறு எதுவும் கிடைக்கவில்லை. அதையே சொன்னேன்.

"உங்க கூட்டாளிக எழுதுன வெண்பாவுல கடைசி அடியில ஒரு சீர் கூட இருக்கு."

அவர் தின்றுகொண்டிருந்த வட்டிலப்பத்தைக் கீழே வைத்தார். "அத நான்தான் எழுதுனேன்."

"உங்க கல்யாணத்துக்கு நீங்களே வாழ்த்தா?"

"அவனுகளுக்கு எழுதத் தெரிஞ்சா நான் ஏன் எழுதுறேன்? வாழ்த்துப்பா இல்லாத கல்யாணமான்னு எங்க மாமன்மாரு கேப்பாக. நானே எழுதி, அவனுக பேரப் போட்டுக் குடுத்துட்டேன்."

"அப்ப அந்தக் கூடுதல் சீரு?"

"அச்சகத்துக்குப் போகும்போது ஒருத்தன் சண்டைக்கு வந்துட்டான். ஏலே, எல்லார் பேரும் கீழ இருக்கு, என் பேரு மட்டும் பாட்டுக்குள்ள வரணும்னு. கடைசி அடியில சொருகிவிட்டேன்." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஆமா, மண்டபத்துல அவ்வளவு பேரு இருந்தாக. யாருமே கண்டுபிடிக்கல. நீ எப்படி?"

அந்தக் கேள்வியில் அவருக்கு இருந்த சந்தோஷத்தை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

அவர் வெண்பா எழுதக் கற்றது, கல்யாணத்துக்கு முன் முதல் தடவை வளைகுடாவில் இருந்தபோது, ஒரு வாட்ஸப் குழுவில். நன்றாக எழுதுவார் என்று சொல்லமாட்டேன். வேகமாக எழுதுவார். எதுகைக்காக எதையும் இழுத்துப் போடுவார். அவர் ஊரில் இருந்த நாட்களில், சாயங்காலம் மாமாவின் கடையில் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சாமான் கட்டும் காகிதத்தில் எழுதி என்னிடம் நீட்டுவார். நான் வெங்காயம் நிறுத்துக்கொண்டே அலகிடுவேன். எங்கே தட்டுகிறது என்று சொல்வேன். அவர் அங்கேயே திருத்துவார். வாங்க வந்தவர்கள் இதை ஏதோ கணக்குத் தகராறு என்று நினைத்தார்கள்.

போன பிறகும் அதுவே தொடர்ந்தது. எனக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமைதான் வேண்டும் என்று ஆலையில் கேட்டு வாங்கியிருக்கிறேன். அவருக்கும் அன்றுதான் விடுமுறை. ஜும்ஆ தொழுகை முடிந்து அவர் அறைக்கு வந்ததும் கூப்பிடுவார். அந்த வாரம் அனுப்பிய வெண்பாவில் நான் கண்ட குறைகளைச் சொல்வேன். குறை சொல்வது இலக்கணத்தில் மட்டும். அதுவும் பேசி வைத்துக்கொள்ளாத ஒப்பந்தம்.

சரி, அந்தச் செவ்வாய்க்கிழமை.

எனக்கு எதையும் வரிசைப்படுத்திப் பார்த்தால்தான் மனசு நிற்கும். முதலில் எதுகை பார்த்தேன். பாலை, வேலை, கோலமயில்: இரண்டாம் எழுத்து ஒத்து வருகிறது. நல்ல, எல்லாம்: அதுவும் வருகிறது. இரண்டாம் அடியின் கடைசியில் கோடு போட்டு நிற்கும் தனிச்சொல் 'கோலமயில்'. எதுகைக்காக வந்த மயில் என்று பார்த்தவுடனே தெரிந்தது. எங்கள் பக்கம் மயில் என்றால், ஊன்றிய விதையைக் கிளறித் தின்றுவிட்டுப் போவது. பெண்டாட்டியை அப்படி அழைக்க வேறு ஊர்க்காரனால்தான் முடியும். அவர் இரண்டு வருஷத்தில் வேறு ஊர்க்காரர் ஆகிவிட்டாரோ என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

அடுத்தது மோனை. ஒவ்வொரு அடியிலும் முதல் சீரும் மூன்றாம் சீரும் ஒரே இன எழுத்தில் தொடங்கினால் ஓசை கூடிவரும். பாலைக்குப் பருத்தி. வேலைக்கு வெறுமை. எல்லாமுக்கு இனி, எகரமும் இகரமும் ஒரே இனம். மூன்றாம் அடியில் மட்டும் 'நல்ல' என்பதற்கு 'மழைவரும்'. மோனை இல்லை.

அடுத்தது தளை. தெரியாதவர்களுக்கு இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். சொல்லை ஓசையால் பிரித்தால் நேர், நிரை என்று இரண்டே வகை அசை. 'நான்' நேர், 'மழை' நிரை. அசைகள் சேர்ந்தது சீர். வெண்பாவில் ஒரு சீர் மா, விளம், காய் என்று முடியும் விதத்தைப் பொறுத்து அடுத்த சீர் எப்படித் தொடங்க வேண்டும் என்று விதி உண்டு. மாவில் முடிந்தால் அடுத்தது நிரையில் தொடங்க வேண்டும். விளத்திலோ காயிலோ முடிந்தால் நேரில் தொடங்க வேண்டும். வேறு வழியே கிடையாது.

முதல் அடி சுத்தம். இரண்டாம் அடியில் 'வெறுமைதான்' என்பதில் உள்ள ஐகாரத்தைக் குறிலாக எண்ணினாலும் நெடிலாக எண்ணினாலும் அடுத்த சீருக்குத் தொல்லை இல்லை. நான்காம் அடி சுத்தம். 'இனி' என்பது மலர் என்ற வாய்பாட்டில் அழகாக முடிகிறது. மூன்றாம் அடியில் 'நல்ல' தேமா. 'விதையெடுத்து' கருவிளங்காய். காயில் முடிந்தாயிற்று. அடுத்தது நேரில் தொடங்க வேண்டும். 'மழைவரும்' நிரையில் தொடங்குகிறது.

தட்டுகிறது. பதினைந்து சீரில் அந்த ஒன்று மட்டும்.

சோறு ஆறிப்போய்விட்டது. மணி அடித்தார்கள். கைபேசியை அடுக்கில் போட்டுவிட்டு உள்ளே போனேன்.

என் வேலையைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். நூலைக் கோன் என்னும் கூம்புக் குழலில் சுற்றும் இயந்திரம், நூல் எங்காவது பருத்தோ மெலிந்தோ வந்தால் அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிடும். பிறகு இரண்டு முனைகளையும் காற்றடித்து முறுக்கி ஒட்டிவிடும். கண்ணால் பார்த்தால் தெரியாது. விரலில் ஓடவிட்டால் சில சமயம் தெரியும். இழுத்துச் சோதிக்கும் கருவியில் கட்டாயம் தெரியும். என் நாளில் பாதி, அந்த ஒட்டுகளைத் தேடுவதில் போகிறது. ஒட்டு இருக்கிறது என்றால் அங்கே முதலில் வேறு ஒன்று இருந்தது என்று அர்த்தம். அது என்ன என்று நாங்கள் பார்ப்பதில்லை. அது கழிவுப் பெட்டிக்குப் போயிருக்கும்.

அன்று பிற்பகல் கருவியின் முன் நின்றபோதுதான் எனக்குப் பட்டது. மூன்றாம் அடியில் இருப்பது பிழை இல்லை, ஒட்டு. மோனையும் தளையும் ஒரே இடத்தில் விட்டுப்போவது கைத்தவறால் நடக்காது. மற்ற மூன்று அடிகளிலும் மோனையைத் தேடித் தேடி வைத்தவர், மூன்றாவதிலும் வைத்திருப்பார். வைத்ததை வெட்டிவிட்டு வேறு எதையோ அவசரமாகச் சேர்த்திருக்கிறார். பொருளும் அதையே சொன்னது. 'நல்ல விதையெடுத்து' என்றால், எடுத்தது யார்? மழை விதை எடுக்காது.

வீட்டுக்கு வந்ததும் மாமியிடம் வாசித்துக் காட்டினேன். வெண்பா வந்தால் வாசித்துக் காட்டச் சொல்வார். மகன் குரல் மாதிரி ஏதோ கேட்கிறது என்பார். மாமி வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். மாமா கட்டிலில் காலை நீட்டி முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"கோலமயில் நல்ல விதையெடுத்து," என்று மாமா அந்த இடத்தை மட்டும் திருப்பிச் சொன்னார். "ஆமாமா. போன வருசம் எடுத்துருச்சுல்ல, கெழக்கோரம் பூரா! அத எதுக்குப் பாட்டுல வேற எழுதி விடுறான்?"

"அது நம்ம மயில் இல்லங்க மாமா."

"எந்த மயிலா இருந்தா என்ன, வெதையத்தான திங்குது."

மாமி கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எல்லாம் சரி. வாரேன்னு எழுதிருக்கானா? அத மட்டும் சொல்லு."

எழுதியிருக்கவில்லை. ஆனால் எழுதவில்லை என்றும் சொல்ல முடியவில்லை.

"மழை வரும்னு எழுதிருக்காக மாமி."

"மழை வர்றத ரேடியோக்காரன் சொல்லமாட்டானா? அதுக்கு நான் ஒருத்தனப் பெத்து அங்க அனுப்பணுமாக்கும்."

மறுநாள் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அந்த இடத்தில் எது இருந்திருக்க முடியும் என்று மனசுக்குள் எழுதிப் பார்த்தேன். அந்தச் சீர் நேரில் தொடங்க வேண்டும். அடுத்து வரும் 'நம்நிலத்தில்' நேரில் தொடங்குவதால், இது விளத்திலோ காயிலோ முடிய வேண்டும். மோனைக்கு நகரத்தில் தொடங்க வேண்டும். விதையெடுத்துக்கொண்டு ஏதாவது செய்யக்கூடிய ஆள் ஒருவர் அதில் இருக்க வேண்டும்.

'நான்வருவேன்.'

பாளையம்பட்டியைத் தாண்டும் முன்பே அது கிடைத்துவிட்டது. உண்மையைச் சொன்னால் தேடவே இல்லை. முதலிலேயே அங்கே உட்கார்ந்திருந்தது. நல்ல விதையெடுத்து நான்வருவேன் நம்நிலத்தில் எல்லாம் முளைக்கும் இனி. தளை சரி. மோனை சரி. பொருள் சரி. என் உதடு அசைந்ததைப் பார்த்து, பக்கத்தில் இருந்த அக்கா திக்ரு ஓதுகிறேன் என்று நினைத்து, தன் பையை நகர்த்தி எனக்கு இடம் விட்டார்.

ஆனால் சோதனை செய்பவளுக்கு ஒரு விடையோடு நிற்க உரிமை இல்லை. 'நாம்விதைப்போம்' என்றாலும் எல்லா விதிக்கும் பொருந்துகிறது. 'நாம்' என்று சொல்ல அவர் வர வேண்டும் என்றாலும், வருவேன் என்று அதில் சொல்லவில்லை. 'நீவிதைத்தால்' என்றால் தளை பொருந்துகிறது; மோனை மட்டும் சரியாக வராது. யாப்பு ஒரு சொல்லின் உருவத்தைத்தான் காட்டும். எந்தச் சொல் என்று காட்டாது. ஒரே அச்சில் மூன்று சொற்கள், மூன்று விதமான ஐப்பசி. அந்த வாரம் முழுக்க மூன்றையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதை வைத்துப் பார்த்தாலும் கடைசியில் மனசு முதலாவதையே எடுத்து வைத்தது.

வெள்ளிக்கிழமை கூப்பிட்டார். பின்னால் யாரோ மீன் பொரிக்கும் சத்தம்.

"மச்சான், மூணாவது அடியில தளை தட்டுது."

"தட்டுதா? எங்க?"

"மூணாவது சீருல. காய்க்கு அடுத்து நிரை வருது."

"அட, கம்பெனி பஸ்ஸுல உக்காந்து போட்டது. அவசரம்."

"மோனையும் இல்ல."

அவர் யாரிடமோ அடுப்பைக் குறைக்கச் சொன்னார்.

"மத்த மூணு அடியிலயும் இருக்கு. இதுல மட்டும் இல்ல."

"சரி சரி," என்றார். "திருத்தி அனுப்புறேன். அத்தா முட்டி எப்படி இருக்கு?"

முன்னால் அங்கே என்ன இருந்தது என்று நான் கேட்டிருக்கலாம். கேட்பது இலக்கணமா, அவர் கேட்கக் கூடாது என்று சொன்ன கேள்வியா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அதனால் மாமாவின் முழங்காலைப் பற்றிச் சொன்னேன்.

அடுத்த வாரம், அதே வேப்பமரத்தடியில், திருத்தியது வந்தது. மூன்றாம் அடி இப்படி மாறியிருந்தது:

நல்ல விதையெடுத்து நீவிதைத்தால் நம்நிலத்தில்
எல்லாம் முளைக்கும் இனி

அலகிட்டேன். 'நீவிதைத்தால்' கூவிளங்காய். முன்னும் பின்னும் சரியாக உட்கார்ந்தது. ஒரு இடத்திலும் தட்டவில்லை. மோனை மட்டும் இல்லை. மோனை இல்லாவிட்டால் வெண்பா கெடாது, அழகு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். இலக்கணப்படி நான் சொல்வதற்கு ஒன்றும் மிச்சம் இல்லை. அவர் அனுப்பியதிலேயே குறையில்லாத வெண்பா அதுதான். அவர் வரப்போவதில்லை.

அன்று பிற்பகல் நான் ஒரு கோனை இரண்டு தடவை சோதித்துவிட்டு, இரண்டு தடவையும் அளவைக் குறிக்க மறந்தேன். மேற்பார்வையாளர் அக்கா, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். தலைவலி என்றேன்.

எனக்கு அழுகை வரவில்லை. எனக்கு வந்தது ஒரு விசித்திரமான ஆசை. தளை தட்டிய பழைய வெண்பா வேண்டும் என்று இருந்தது. அதில் அவர் இருந்தார். வெட்டப்பட்ட இடம் இருந்தது. அந்த இடத்தைத் தடவிப் பார்த்தால் அவர் அங்கே உட்கார்ந்திருந்தது தெரிந்தது. புதியதில் அந்த இடத்தில் என்னை உட்காரவைத்துவிட்டு அவர் எழுந்து போயிருந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை, கூப்பிட்டதும் அவரே ஆரம்பித்தார். "திருத்துனது பாத்தியா? பாஸா?"

"தளை சரியா இருக்கு."

"அப்புறம் என்ன, கொரல் இப்படிப் போகுது?"

"இது வேணாம் மச்சான்."

"ஏன்? நீ சொன்ன எடத்தத்தானே சரி பண்ணேன்."

"மழைவரும்னு போடுறதுக்கு முன்னாடி, அந்த எடத்துல என்ன போட்டிருந்தீக?"

அவர் சிரித்துவிட்டார். "நூல இழுத்துப் பாக்குற மாதிரியே என்னையும் இழுத்துப் பாக்குற."

"சொல்லுங்க."

"உனக்குத் தெரியாமயா கேக்குற?"

"தெரியும். நீங்க சொல்லணும்."

சிரிப்பு நின்றது. "நான்வருவேன்னுதான் போட்டிருந்தேன். முந்துன நாளே எழுதி வச்சது. காலைல அனுப்பலாம்னு எடுக்குறேன், ஃபோர்மேன் பஸ்ஸுல ஏறி, இந்த சைட் முடியிற வரைக்கும் யாருக்கும் லீவு இல்லன்னுட்டாரு. பக்கத்துல இருந்தவன் பொண்ணு கல்யாணத்துக்குப் போறவன், அவனுக்கே இல்ல. நான் என்ன செய்ய? பொய்யத் தளை தட்டாம எழுதி அனுப்பச் சொல்றியா?"

"அழிச்சிருக்க வேணாம்."

"அழிக்காம அனுப்புனா, நீ அத நம்பிக்கிட்டு இருப்ப."

"அழிச்சு அனுப்புனீக. அப்பவும் அதத்தான் நம்பிக்கிட்டு இருந்தேன்."

எங்கள் வீட்டில் மாமி குக்கரை இறக்கிவைத்துவிட்டு நிலைப்படியில் வந்து நின்றுகொண்டார். நான் குரலைத் தாழ்த்தவில்லை.

"நீவிதைத்தால் வேணாம். பழசே இருக்கட்டும். மழைவரும்னே இருக்கட்டும்."

"அது தப்பாச்சே."

"தப்பாவே இருக்கட்டும். நீங்க வந்து திருத்துங்க."

ரொம்ப மெதுவாக, "எப்ப வருவீகன்னு கேக்க மாட்டேன்னு சொன்ன," என்றார்.

"எப்பன்னு நான் கேக்கல மச்சான். வாங்கன்னு சொல்றேன்."

இரண்டு வருஷத்தில் நான் அதைச் சொன்னதே இல்லை. பருத்தியில் சொல்லிப் பார்த்தேன், முழங்காலில் சொல்லிப் பார்த்தேன், தளையிலும் மோனையிலும் சொல்லிப் பார்த்தேன். வாங்க என்ற சொல்லில் மட்டும் சொன்னதில்லை. அவர் "ம்" என்றார். சைட் எப்போது முடியும் என்று அவருக்கும் தெரியாது. அதை அவர் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. கைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினால் மாமி இன்னும் நிலைப்படியில் நின்றார்.

"கேட்டுட்டியா?" என்றார்.

"சொல்லிட்டேன் மாமி."

"அது போதும். வா, சாப்பிடு."

ஐப்பசி மழை பிந்தி வந்தது. 'மழைவரும்' என்ற அந்த ஒரு சொல்லில் அவர் பொய் சொல்லவில்லை. இரண்டு நாள் விட்டுவிட்டுப் பெய்து, மூன்றாம் நாள் மண் மிதிக்கும் பதத்துக்கு வந்தது. ஷேர் ஆட்டோவில் விதைப் பொட்டலங்களை மடியில் வைத்துக்கொண்டு மூன்று பேரும் எம்.ரெட்டியபட்டிக்குப் போனோம். ஊன்ற வந்த பெண்கள் வரப்பில் காத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம்: முதல் கை விதையை வீட்டுப் பிள்ளை பிஸ்மி சொல்லி ஊன்ற வேண்டும். அவர் போன பிறகு மாமாதான் செய்துவந்தார்.

இந்தத் தடவை மாமா வரப்பிலேயே நின்றுகொண்டு விதையை என்னிடம் நீட்டினார். "எனக்கு முட்டி மடங்க மாட்டேங்குதும்மா. அவனுக்குப் பதிலா நீ போடு. யாரு போட்டா என்ன, மொளைக்கத்தான் செய்யும்."

கையை நீட்டப் போனவள் நிறுத்திக்கொண்டேன். நான் விதைத்தால் எல்லாம் முளைக்கும். அவர் வராமலே வெண்பா சரியாகிவிடும். ஒரு குறையும் இருக்காது.

"நீங்களே போடுங்க மாமா."

"குனிய முடியலங்கிறேன்."

"நான் புடிச்சுக்கிறேன்."

ஊன்ற வந்த பெண்களில் ஒருத்தி சிரித்தாள். "ஏக்கா, படிச்ச பொண்ணுக்குச் சேறுன்னா கூச்சமோ?"

மாமி என் முகத்தைப் பார்த்தார். என்ன கண்டாரோ தெரியாது. செருப்பைக் கழற்றிவிட்டு மாமாவின் மறுபக்கம் வந்து நின்றார். "கூச்சமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது அவ புருசன் கை. அவன் வர்ற வரைக்கும் அவுக அத்தா போடட்டும். நீ அந்தப் பக்கம் புடி, நான் இந்தப் பக்கம் புடிக்கிறேன்."

இரண்டு பேரும் இரண்டு அக்குளிலும் கைகொடுத்து அவரை இறக்கினோம். "ஏய், மெதுவாப் புடிங்க, என்னையச் சேத்து ஊன்றிறாதீக," என்று கத்திக்கொண்டே மாமா குனிந்து, பிஸ்மி சொல்லி, ஈர மண்ணில் விரலால் குழி போட்டு விதையை வைத்தார். தூக்கி நிறுத்தினோம். அதற்குப் பிறகு நானும் வரிசை பிடித்து மாலை வரை ஊன்றினேன். முதல் கை மட்டும் நான் போடவில்லை.

நாங்கள் கிளம்பும்போது கிழக்கு வரப்பில் ஒரு மயில் வந்து நின்றது. மாமா மண்கட்டியை எடுத்து எறிந்து, "வந்துட்டாடா, உன் கோலமயில்," என்று யாருமில்லாத பக்கம் பார்த்துச் சொன்னார்.

முளைத்ததும் படம் எடுத்து அனுப்பினேன். "எல்லாம் முளைச்சிருச்சா?" என்று கேட்டிருந்தார். "மயிலு தின்னது போக," என்று எழுதினேன். அந்த வெள்ளிக்கிழமையும் கூப்பிட்டார். சைட் இன்னும் முடியவில்லை.

வெண்பா என் கைபேசியில் பழையபடியே இருக்கிறது. மதிய இடைவேளையில் சில நாட்கள் மனசுக்குள் சொல்லிப் பார்ப்பேன். பாலை மணலில் என்று தொடங்கி ஒழுங்காக ஓடும். மூன்றாம் அடியில் 'விதையெடுத்து' முடிந்ததும் நாக்கு தடுக்கும். அங்கே கொஞ்சம் நிற்பேன். மணி அடித்ததும் மிச்சத்தைச் சொல்லாமலே எழுந்து உள்ளே போய்விடுவேன்.